கடல் ஓணானும் காவிக்கல்லும்

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் பெறுவதற்கு, முந்தைய வருடம். காஜா பேராங்கில் குடியிருந்தேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரம் முழுவதும் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமை மதியம் பிள்ளையைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போவேன். அந்த மாதம் மகளுக்குக் கக்குவான் இருமல். இரவெல்லாம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். பகலில் கரும்பலகையில் எழுதும்போதே கண் செருகும்.

வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள்களைச் சொல்லி ஒப்பிடச் சொல்வார். பிள்ளைகளை யோசிக்க வைக்க வேண்டுமானால் முதலில் நாம் யோசித்துப் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. அன்று என்னைக் கைகாட்டினார்.

“கடல் ஓணான், காவிக்கல்.”

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“கடல் ஓணானைப் படத்துலதான் பார்த்திருக்கேன் சார். ஆனா தெங்கேரா கடற்கரையில உடும்பு கடல்ல நீந்தி வர்றதைப் பார்த்திருக்கேன். கரையேறிக் கல்லு மேல அப்படியே கெடக்கும். வெயில்ல ஒடம்பு சூடேறினாத்தான் அதால நல்லா நகர முடியும்.”

“சரி. காவி?”

“மஞ்சக் காவிய நெருப்புல வறுத்தா செவப்பாயிடும். ரெண்டுக்கும் சூடு வேணும் சார்.”

“வித்தியாசம்?”

“காவி ஒரு தடவ வெந்தா போதும். அப்புறம் செவுத்துல சும்மா இருக்கலாம். உடும்புக்கு அப்படி இல்ல. கொஞ்ச நேரம் படுத்திருக்கும், பெறகு பசிக்கும், மறுபடியும் தண்ணிக்குப் போயாகணும். நாளைக்கும் அதேதான். அதுக்கு அடுத்த நாளும்...”

குரல் உடைந்துவிட்டது. பின்வரிசையில் ஓர் ஆசிரியை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“வீட்டுல யாருக்காச்சும் முடியலையா டீச்சர்?”

“பாப்பாவுக்கு இருமல் சார்.”

“வீட்டுக்குப் போங்க. கொணமாகுற வரைக்கும் வர வேணாம். பாடத்தை எழுதி அனுப்புறேன்.”

சொன்னபடியே அனுப்பினார். அடுத்த வருடம் சுமாரான மார்க்கில் பாஸும் ஆனேன்.

முதல் பாடத்தைக் கொண்டுவந்தவள், அன்று சிரித்த அதே ஆசிரியை. காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீங்க போயி படுங்கக்கா. நான் பார்த்துக்கிறேன்.”

நான் மறுக்கவில்லை. சேலையைக்கூட மாற்றாமல் படுத்தேன். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சமையலறையில் அவள் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி நடந்துகொண்டிருந்தாள். கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தது. எழ வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் எழவில்லை.