மஞ்சள் துணியில் முடிந்த அச்சாரம்

போன வாரம் மருமகள் வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் சொல்லியிருந்தாள். ஆளைப் பார்க்கவில்லை. போனிலேயே சொல்லி, போனிலேயே முன்பணமும் கட்டிவிட்டாள். இன்று காலை, எர்ணாகுளத்திலிருந்து அவள் தங்கை பிள்ளைகளோடு வருகிறாள் என்று தெரிந்ததும், வேண்டாம் என்று அதே போனில் அமுக்கினாள். ஏன் வேண்டாம் என்று போன் கேட்டது. நாலைந்து காரணங்களை அதுவே எழுதியும் காட்டியது.

"என்னத்தம்மா அமுக்கினே?" என்றேன்.

"'குடும்பத்தில் துக்கம்'னு இருந்துச்சு மாமி. அதை அமுக்கினா முழுப் பணமும் திரும்பும்."

நான் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்தேன். அது ஆறுவதற்குள் பணம் திரும்பி வந்துவிட்டது. யார் செத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்கள் காலத்தில் கேட்பார்கள். கேட்பது மட்டுமா, நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வருவார்கள். அப்படிப் போய்ப் பார்த்து வந்தவள் நான்தான். சிரிக்காதீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் கம்பத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்குக் கல்யாணமாகி வந்தேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுபோயிருந்தது. வெட்கம். புது ஆள் முகத்தைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். மாப்பிள்ளை வீட்டில் வெள்ளையடிப்புத் தொழில். இவரும் இவர் தம்பிகளும் சுவரில் பூசும் மட்டை பிடிப்பார்கள். வேலை பேசுவதும் அச்சாரம் வாங்குவதும் என் மாமி, இவரைப் பெற்றவர். ஊரெல்லாம் சுக்கும் மிளகும் மணக்கும். எங்கள் முற்றத்தில் மட்டும் சுண்ணாம்பு வாடை. இன்றைக்கும் ஈரச் சுவரைக் கண்டால் மூக்கைக் கொண்டுபோய் வைக்கிறேன். பேரன் என்னைப் பூனை என்கிறான்.

கக்கை தெரியுமல்லவா, காயலில் வாரும் சிப்பி? சுட்ட கக்கையைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் சோறு கொதிப்பதுபோல் கொதித்துப் பொங்கி மாவாகும். அதை இரண்டு நாள் ஊற வைத்து, அந்த வீட்டுக்காரர் கேட்ட நிறத்தைக் கலப்பார்கள். நீலம் கலந்தது நீலக்காரருக்குத்தான். அதை எடுத்துப்போய் மஞ்சள் கேட்டவர் வீட்டில் பூச முடியாது. அதனால் மாமி ஒரு சட்டம் வைத்திருந்தார். தொட்டியில் தண்ணீர் விடும் முன் வேண்டாமென்றால் அச்சாரம் திரும்பும். விட்ட பிறகு திரும்பாது. மவுத்து, வீட்டில் சாவு, என்றால் மட்டும் எப்போது வந்தாலும் திரும்பும்.

மாமிக்கு எழுத்துத் தெரியாது. அந்தந்த வீட்டு அச்சாரத்தை, அந்த வீட்டுக்கான நிறத்தில் முக்கிக் காயவைத்த துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைப்பார். முதல் மட்டை சுவரில் படும்வரை முடிச்சை அவிழ்க்கமாட்டார். திருப்பிக் கொடுத்தால் அதே நோட்டு, அதே சில்லறை, அதே துணி.

மவுத்துக்கு அச்சாரம் திரும்பும் என்று ஊருக்குத் தெரிந்ததுதான் வினை. வேறு ஆள் நாலணா குறைத்துக் கேட்டால் போதும், இங்கே வந்து கண்ணைத் துடைப்பார்கள். ஒரு நோன்புக் காலத்துக்கு முன்னால் மட்டும் எத்தனை உம்மாமார் செத்தார்கள் என்கிறீர்கள்! ஒருத்தர் ஒரே மாமனாரை இரண்டு வருஷம் சாகடித்தார்.

"ஒன் மூஞ்சி இங்க யாருக்கும் தெரியாது. போய்ப் பாத்துட்டு வா. வாயத் தொறக்க வேணாம், கண்ணத் தொறந்தாப் போதும்" என்று மாமி என்னை அனுப்ப ஆரம்பித்தார். வாய் திறக்க வேண்டாம் என்றதால்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் தடவை, யூதர்கள் இருக்கும் ஜூ டவுனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. செத்துப்போனதாகச் சொன்ன தாயார் வாசலில் கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பிரேதத்தைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவரிடமே எப்படிச் சொல்வது? தண்ணீர் கேட்டேன். அவர் கப்பையும் மீன்கறியும் கொடுத்து, தின்னும்வரை விடவில்லை. வந்து சொன்னதும் மாமி, "செத்தவ கையால தின்னுட்டு வந்த ஆளு நீ ஒருத்திதான்" என்று ஒரு வாரம் சிரித்தார். அந்த அச்சாரம் திரும்பவில்லை.

பிறகு எனக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது என்பதை ஒளிப்பானேன். யாராவது மூக்கைச் சிந்தினால் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுப்பு எரிகிறதா, கொடியில் என்ன காய்கிறது, எல்லாம் பார்ப்பேன். பேச வராதவளுக்குச் சந்தேகப்பட நன்றாக வந்தது.

சுள்ளிக்கல்லில் ரோசக்குட்டி என்று ஒரு சேச்சி. புருஷன் இல்லை. மிளகுப் பாண்டிகசாலைக் கிடங்கில் தூசி புடைக்கும் வேலை. ஒரே மகள் பிலோமினாவுக்குக் கல்யாணம் என்று மஞ்சள் கேட்டு, பத்து ரூபாய் அச்சாரம் கொடுத்திருந்தார். அவருக்கு அது ரெண்டு வாரக் கூலி. தொட்டியில் கக்கை பொங்கி, மஞ்சளும் கலந்த பிறகு ஒருநாள் வந்தார். மகள் குடையோடு தெருவில் நின்றாள். சேச்சி படியேறி வந்து, குரலைத் தாழ்த்தி, "இப்ப வேண்டா உம்மா. ஒரு மரணம்" என்றார்.

"யாரு மரிச்சது?" மாமி சத்தமாகத்தான் கேட்டார்.

சேச்சி திரும்பித் தெருவைப் பார்த்தார். "வேண்டப்பட்ட ஒராள்" என்றார். உடனே படியிறங்கிவிட்டார்.

அவர் போனதும் மாமி என்னைப் பார்த்தார். நான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா கல்யாணச் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி ஏதோ பாட்டை முனகினாள். சேச்சி அவள் பின்னால் உட்கார்ந்து தலை சீவிவிட்டார். சீவிய இடத்தையே திரும்பத் திரும்பச் சீவினார். என்னைக் கண்டதும் சீப்புப் பிடித்த கை நடுங்கியது. பிடிபட்ட கை என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு, அடுத்த வீட்டுச் சுவரில் வேறு ஆட்கள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு முடிந்தது என் மனதில்.

"எந்தா மோளே?" என்றார் சேச்சி.

"தண்ணி" என்றேன். கொடுத்தார். குடித்துவிட்டு வந்து, "மவுத்தெல்லாம் ஒண்ணுமில்ல மாமி. மீன் பொரிக்கிறாங்க" என்றேன். மாமி மஞ்சள் முடிச்சை அவிழ்த்துவிட்டார். அந்தப் பணம் அடுத்த கக்கை மூட்டைக்குப் போனது. சேச்சி கேட்டு வரவேயில்லை. பார்த்தீர்களா, பொய்க்காரி வரமாட்டாள் என்று நான் வேறு சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து மீன்காரி சொல்லித்தான் தெரிந்தது. செத்தது பிலோமினாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளைப் பையன். பம்பாயில் கப்பல் வேலையில் தவறி விழுந்துவிட்டான். தந்தி சேச்சி கைக்கு வந்திருக்கிறது. ஆலப்புழையிலிருந்து தன் ஆங்ஙள, அதாவது கூடப்பிறந்த சகோதரர், ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் இருந்து சொல்லட்டும் என்று, மூன்று நாள் மகளிடம் மறைத்திருக்கிறார். மீன் பொரித்ததும் தலை சீவியதும் அந்த மூன்று நாளில்தான்.

மாமியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து மஞ்சளில் முக்கினார். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பத்து ரூபாயை அதில் முடிந்து என்னிடம் கொடுத்தார். "நீ பாத்துட்டு வந்தது. நீயே போ."

சேச்சி முற்றத்தில் முறத்தால் புடைத்துக்கொண்டிருந்தார். முடிச்சை நீட்டினேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக, தண்ணீர் கேட்பதற்கல்லாமல், தெரியாத வீட்டு வாசலில் நானாக வாயைத் திறந்தேன். "நான்தான் சேச்சி தப்பாச் சொல்லிட்டேன்."

"எனிக்கு அறியாம், உம்மா பறஞ்ஞயச்சதுன்னு" என்றார். யார் அனுப்பி வந்தேன் என்று அன்றைக்கே தெரியுமாம். "பறயான் நோக்கி, மோளே. அவள் கேக்கில்லே?" என்னிடம் சொல்லத்தான் பார்த்தாராம்; மகள் காதில் விழுமே என்று தண்ணீரைக் கொடுத்து அனுப்பினாராம். மஞ்சள் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாங்கவில்லை. "ஒன் மாப்பிள்ளைய வந்து அடிக்கச் சொல்லு. வெள்ள மதி." வெள்ளையே போதுமாம்.

இவர் போய் அடித்துக் கொடுத்தார், நிறம் கலக்காமல், மிச்சக் கூலி வாங்காமல். அதற்குப் பிறகு மாமி யாரையும் பார்த்துவர அனுப்பவில்லை. மவுத்து என்றால் முடிச்சை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஏமாற்றியவர்களும் உண்டுதான். என் சந்தேகம் மட்டும் போகவில்லை. கொடுக்கும்போது நான் கதவிடுக்கு வழியாக அவர்கள் கையைப் பார்ப்பேன், நடுங்குகிறதா என்று. நடுங்கினால் என்ன அர்த்தம் என்றுதான் பிறகு எனக்குத் தெரியாமல் போனது.

கக்கைத் தொட்டி இருந்த இடத்தில் இப்போது பேரனின் பைக் நிற்கிறது. மாமி இல்லை, இவரும் இல்லை. சேச்சியின் வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள்.

இன்று மருமகளின் தங்கை வந்தாள். பிள்ளைகள் கூச்சல், அடுப்பில் மீன், ஒரே சிரிப்பு. சாயங்காலம்வரை கேட் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் எழுந்து எழுந்து பார்த்தேன். யார் செத்தது என்று பார்க்க, தலையில் முட்டாக்கோடு ஒரு பெண் வந்து தண்ணீர் கேட்பாள், கண்ணால் அடுப்பைப் பார்ப்பாள் என்று. ஒரு செம்பில் தண்ணீர்கூட மொண்டு வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.