வெளிப்பக்கம் வைத்த குழாய்

அந்த வண்டியைத் தோட்டத் துரை ஒருவர் ஊர் சுற்றிப் பார்க்கவென்று வாங்கினாராம். ஜீப்பின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு மடக்கு மேசை, அடுப்பு வைக்க ஒரு தட்டு, கை கழுவ ஒரு பீங்கான் தொட்டி. துரையும் பெண்சாதியும் கப்பலேறிப் போனபோது அதை ஒரு தரும சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சங்கம் வெள்ளைப் பெயின்ற் அடித்து, ஊர் ஊராய்ப் போய்த் தாய் பிள்ளைகளைப் பார்க்கிற கிளினிக்காக அதை மாற்றி, என்னையும் அதற்குள் ஏற்றிவிட்டது. அறுபதுகளின் தொடக்கம். நான் தாதிப் படிப்பு முடித்து, உடுவிலில் தகப்பன் வீட்டில் இருந்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சனங்கள் அதை ஆஸ்பத்திரிப் பெட்டி என்றார்கள்.

ஜீப் ஓட்டியவர் ஒரு மயிலிட்டிக்காரர். கடலுக்குப் போய், வள்ளத்து எஞ்சின்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மிஸி என்பார். எங்கள் பக்கத்தில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவது. நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்காத நாள் இல்லை. சண்டைக்குக் காரணம் எப்போதும் தண்ணீர்தான்.

பிள்ளை பார்க்கிற வேலையில் பாதி தண்ணீர் வேலை என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வண்டியின் அடித்தட்டுக்குக் கீழே ஒரு தகரத் தண்ணீர்த் தாங்கி இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள கைப் பம்மை ஆட்டினால் தண்ணீர் மேலே வரும். வரவேண்டும். இரண்டு நாள் சும்மா நின்றால் பம்முக்குள் இருக்கிற தோல் காய்ந்துவிடும். பிறகு எவ்வளவு ஆட்டினாலும் அது காற்றைத்தான் இழுக்கும். தோலைக் கழற்றி எண்ணெயில் ஊறப்போட வேண்டும். எங்கள் குடாநாட்டுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே கோதாரி குழாய்க்குள்ளும் படிந்து வாயை அடைத்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை வினாகிரி ஊற்றி ஊறவிட்டு, கம்பியால் குத்திக் குத்தி எடுப்போம். அன்றைக்கு முழுதும் வண்டி ஊறுகாய்ப் பானை போல மணக்கும்.

தாங்கியை நிரப்புவது அதைவிடப் பெரிய பாடு. போகிற ஊரில் யாராவது கிணற்றில் அள்ள விட்டால்தான் உண்டு.

அப்படிப் போன ஊர்களில் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர் எல்லாரும் தாங்கள் அப்படியில்லை என்று தப்பிவிடுவார்கள். வண்டி நிற்கிற வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புகையிலைத் தோட்டக்காரரின் வளவு. அவருடைய கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. ஊர் எல்லையில் கொட்டில் போட்டிருந்த கூலிச் சனங்களுக்குக் கிணறு இல்லை. இருந்தது ஒரு துரவு, கட்டில்லாத பள்ளம். கோடையில் அதில் பச்சைத் தண்ணீர்தான் கிடக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் அந்தப் பெண்கள் குடத்தோடு வந்து கிணற்றடிக்கு வெளியே நிற்க வேண்டும். கிணற்றைத் தொடக்கூடாது, வாளியைத் தொடக்கூடாது. வீட்டுக்காரர் யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றினால் கொண்டு போகலாம். யாரும் வராவிட்டால் நின்று நின்று வெறுங்குடத்தோடு திரும்புவார்கள்.

அந்த மனிதர் எங்களுக்குத் தண்ணீர் தந்தார். தரும்போதே சொன்னார்.

"தருமத்துக்குத்தானே பிள்ளை, தாறன். ஆனா ஒண்டு, உவையள் உங்கடை குழாயிலை கை வைக்கக் கூடாது. நீங்கள் ஊத்திக் குடுங்கோ."

ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கையால் பம்மை ஆட்டி, மற்றக் கையால் கோப்பையைப் பிடித்து, படியில் இறங்கி ஏறி, தாய்மாரின் கைக்கும் பிள்ளைகளின் குண்டிக்கும் குடத்துக்கும் நானே ஊற்றினேன். இடுப்பு முறிந்தது. இடுப்பு நோவைத் தாங்கலாம். ஊற்றுகிற என்னைப் பார்த்து அவர்கள் கையைக் குவித்துக்கொண்டு குனிகிற விதத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் அந்த வளவுக்காரரின் சாதிக்காரிதான். என் வீட்டுக் கிணற்றடியிலும் அப்படி நின்றவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் பார்ப்பது வேறு, நாள் முழுக்க ஊற்றுவது வேறு.

"அண்ணை, குழாயை வெளிப்பக்கம் வைச்சா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். "தாங்கி கீழை கிடக்குது மிஸி. தண்ணி தானா மேலை ஏறாது. தாங்கியை மேலை தூக்கவேணும்."

"தூக்குங்கோ."

"உங்களுக்குச் சொல்ல லேசு!"

முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஒரு கட்டிலைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பனஞ்சலாகையால் மேடை அடித்துத் தாங்கியை ஏற்றி இரும்புப் பட்டி போட்டு இறுக்கினார். கைப் பம் இப்போது வாளியில் இருந்து தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற மட்டும். தாங்கியின் அடியில் இருந்து ஒரு பைப், வண்டிச் சுவரைத் துளைத்து வெளியே வந்து, ஒரு பித்தளைக் குழாயில் முடிந்தது. மூட்டுக்குச் சணல் சுற்றியது நான். புரி போகிற பக்கம் பார்த்துச் சுற்றவேண்டுமாம். நான் மறுபக்கம் சுற்றியதால் இறுக்க இறுக்கச் சணல் வெளியே பிதுங்கியது. அண்ணை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திரும்பச் சுற்றிப் பூட்டினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

புதுக் குழாயைக் கண்டதும் வளவுக்காரர் படலையைச் சாத்திவிட்டார். "இனி என்ரை கிணத்தடிக்கு உங்கடை வாளி வரக் கூடாது" என்றார். நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அண்ணைதான் என்னை இழுத்துக்கொண்டு போய் ஜீப்பில் இருத்தினார்.

"கத்தி என்ன பிரயோசனம் மிஸி? தண்ணியை நாங்களே கொண்டு வருவம்" என்றார்.

அவருக்குத் தெரிந்த ஒருவர் இணுவிலில் வெங்காயம் செய்தார். மிசின் போட்டுத் தோட்டத்துக்கு இறைக்கும்போது எங்கள் தாங்கியையும் நிரப்பிவிடச் சம்மதித்தார். ஆனால் நிறைந்த தாங்கியோடு ஓடுவது லேசில்லை. ஒவ்வொரு முடக்கிலும் தண்ணீர் ஒரு பக்கமாய் மோதி வண்டியை உலுக்கியது. ஒரு தடவை மதகோடு சரியப் பார்த்தது. அண்ணை தாங்கியின் மேற்தகட்டை வெட்டித் திறந்து, துளை போட்ட தகடுகளைக் குறுக்கே வைத்து ஒட்டினார். அதன் பிறகு தண்ணீர் அடங்கி இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்த ஊரில் எந்தக் கிணற்றுக்கும் சொந்தமில்லாத தண்ணீர். இனி யார் என்ன சொல்ல முடியும்?

இணுவில் தண்ணீரோடு போன முதல் நாள் பெண்கள் குடத்தோடு வரிசையாய் வந்தார்கள். வந்து நின்றார்கள். "திறவுங்கோ, உங்களுக்குத்தான் வைச்சது" என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள், கை நீட்டவில்லை. நான்தான் திறந்துவிட்டேன். பழக்கமில்லாததால் வந்த கூச்சம், போகப் போகச் சரிவரும் என்று நினைத்தேன்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு நின்றாள். அவளுக்கு முதல் பிள்ளை, பொடியன். காலையில் இருந்து வயிற்றாலே போகிறது என்றாள். பார்த்தேன். கண் இன்னும் குழி விழவில்லை, அழுகையில் கண்ணீர் வந்தது, பால் குடித்தான். தண்ணீர்ச் சத்துப் போகாமல் பார்த்தால் தப்பிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. என்ன தண்ணீர் கொடுக்கிறாய் என்றால் துரவுத் தண்ணீர்.

"இனித் துரவுத் தண்ணி ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது. இந்தக் குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டு, போகப் போகப் பருக்கு. விளங்குதே பிள்ளை?"

"ஓம் நாச்சியார்."

"நாச்சியார் இல்லை. மிஸி." வளவுக்கார வீட்டுப் பெண்களை அவர்கள் கூப்பிடுகிற சொல் அது.

"ஓம் நாச்சியார்."

அன்று பின்னேரம் ஜீப் வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. வண்டியை வேப்பமரத்தடியில் கழற்றி நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்தோம். கதவைப் பூட்டினேன். குழாய் வெளியே இருந்தது, தாங்கியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவளுடைய குடத்தை நானே நிரப்பிக் கொடுத்து, "இந்தத் தண்ணி முடிஞ்சா வந்து திறந்து எடு. பொழுது பட்டாலும் எடு. நாளைக்கு மத்தியானம் வாறன். சுகமில்லையெண்டால் நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அவளைக் கண்டேன். குழாய்க்கு நேரே, ஒரு முழம் தள்ளி, வெயிலில் குந்தியிருந்தாள். பக்கத்தில் குடம் கவிழ்ந்து கிடந்தது. பொடியன் மடியில் கிடந்தான். ஓடிப்போய்த் தூக்கினேன். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின மாதிரியே நின்றது. கண் மேலே செருகியிருந்தது.

"என்ன குடுத்தனி?"

"நாச்சியார் தந்த தண்ணி இரவே முடிஞ்சுது. பிறகு துரவுத் தண்ணிதான்."

எனக்கு உச்சிக்கு ஏறியது. "உனக்கு என்ன விசரே? தாங்கி நிறையத் தண்ணி கிடக்குது! திறந்து எடு எண்டு சொன்னனான் எல்லே?"

"சொன்னீங்கள். விடியத் தொடக்கம் இருக்கிறன். ஒருத்தரும் திறந்துவிட வரேல்லை."

"நீ ஏன் திறக்கேல்லை? அது உந்த வளவுக்காரற்றை கிணத்துத் தண்ணி இல்லையே! இணுவில் தண்ணி!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்னை நேராய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எந்தக் கிணத்துத் தண்ணியெண்டு தண்ணியிலை எழுதியிருக்கே நாச்சியார்? திறந்தனெண்டால் களவெடுத்தன் எண்டுதான் சொல்லுவினம். போன வருசம் என்ரை மனிசன் வாளியிலை கை வைச்சதுக்குக் கொட்டிலைக் கொளுத்தினவை. நீங்கள் பின்னேரம் ஜீப்பிலை ஏறிப் போயிடுவீங்கள்."

தாங்கியைத் தூக்கியும் குழாயை வெளியே வைத்தும் வேற்றூர்த் தண்ணீர் கொண்டுவந்தும் நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு முழத்தைக் குறைக்கவில்லை. அந்த ஒரு முழத்துக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஜீப்பில் அண்ணை பறந்தார். நான் பஞ்சைக் கொதித்தாறிய தண்ணீரில் தோய்த்துப் பொடியனின் உதட்டில் பிழிந்துகொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிப் படலை தெரிகிற இடத்தில் அவன் ஒரு தடவை விக்கினான். அவ்வளவுதான். அவள் அழவில்லை, சீலைத் தலைப்பால் அவனுடைய முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுதது அண்ணை. ஸ்ரியறிங்கில் தலையை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அடுத்த கிழமை அந்த ஊருக்குப் போக எனக்கு மனமில்லை. போகாமல் விடவும் முடியவில்லை. வழக்கம்போல் தாங்கியை நிரப்பிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நின்றோம். பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். வளவுக்காரர் படலையில் சாய்ந்துகொண்டு, யார் எங்கே கை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வந்தாள். கையில் குடம் இல்லை, பிள்ளையும் இல்லை. வரிசையை விலக்கிக்கொண்டு நேரே வந்து, எல்லாரும் பார்க்கக் குழாயில் கை வைத்துத் திருகினாள். முழுதாகத் திறக்கும் வரை திருகினாள்.

தண்ணீர் மண்ணில் விழுந்தது. நான் ஒரு கோப்பைத் தண்ணீர் சிந்தினாலும் ஏசுகிறவள். அண்ணை பழக்கத்தில் மூடக் கை நீட்டினார்.

"விடுங்கோ அண்ணை" என்றேன்.

தண்ணீர் புழுதிக்குள்ளால் ஓடி, சில்லைத் தாண்டி, ஒழுங்கையைக் குறுக்கறுத்து, வளவுக்காரரின் படலைக்குக் கீழால் உள்ளே போனது. அவர் காலைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார். அவள் குழாயில் வைத்த கையை எடுக்கவில்லை. தாங்கி வெறுமையாகும் வரை நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றோம்.