தண்ணீர் பட்ட பாறை

கேளம்பாக்கம் அருகே குடிநீர்க் குழாய்க்காகச் சுரங்கம் தோண்டினோம், நான்தான் பொறியாளர். காலையில் தட்டிப் பார்த்தபோது கூரையிலிருந்த மென்பாறை கெட்டியாகவே இருந்தது. மதியம் அதில் தண்ணீர் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறை ஊறி, உப்பி, இட்லி மாவாக வழியத் தொடங்கியது.

பொக்லைன் ஓட்டிய சேகர், வண்டியின் பக்கெட்டை அதன்மேல் அழுத்திப் பிடித்தார்.

"மேடம், இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? எல்லாரையும் கூட்டிகினு வெளிய போங்க!"

"நீங்க?"

"பக்கெட்டாலதான் நின்னுகினு கீது. நான் அழுத்தறத வுட்டா மொத்தமும் வந்துடும். போங்க!"

நாங்கள் எல்லோரும் வெளியேறிய பிறகே அவர் குதித்து ஓடிவந்தார். பின்னாலேயே கூரை சரிந்து வண்டியை மூடியது. தண்ணீர் கேட்டு வாங்கினார். பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

இப்போதெல்லாம் எந்தப் பாறையையும் முதலில் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.