ஒட்டுப் பல்

சகலையை நினைத்தால், கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அவர் வாயில் பளிச்சென்று தெரிந்த புதுப் பல்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. சிவகிரியில் மாமனார் வீட்டுக் காதுகுத்து அது. அக்காளை அவரும் தங்கையை நானும் கட்டியிருக்கிறோம். இரண்டு பேருக்குமே ஒரு மேல் முன்பல் போயிருந்தது. அவருக்கு பைக்கிலிருந்து விழுந்ததில். எனக்கு, பூ மார்க்கெட்டில் மூட்டைக் கட்டின் நூலைக் கடித்துக் கடித்தே. அன்று அவர் மட்டும் முழு வரிசையோடு வந்திருந்தார். "அத்தான் சிரிச்சா எவ்வளவு லட்சணமா இருக்காவ" என்றாள் என் மனைவி. நான் கையிலிருந்த மோரைக் குடிக்காமலே கீழே வைத்தேன்.

மறுவாரமே சங்கரன்கோவிலில் பல் டாக்டரம்மாவிடம் போய், சகலைக்கு வைத்தது போலவே வேண்டும் என்றேன். நான் சொன்ன அடையாளத்தை வைத்து, அது இருபக்கத்துப் பற்களையும் சீவி, மூன்றுக்கும் சேர்த்து உறை மாட்டுவது என்று விளக்கினார். என் பக்கத்துப் பற்கள் நன்றாக இருந்ததால், கழற்றி மாட்டுகிற பல் வைக்கலாம், இல்லையென்றால் பக்கத்துப் பல்லின் பின்னால் மெல்லிய தகடு வைத்து ஒட்டிவிடலாம், சீவவே வேண்டாம் என்றார்.

ஒட்டு என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. கிழிந்த வேட்டிக்கல்லவா ஒட்டுப் போடுவார்கள்? அவருக்கு உறை போட்ட பல், எனக்கு ஒட்டா? தலையைக் குனிந்துகொண்டே, சீவியே கட்டிவிடுங்கள் என்றேன்.

"ஒட்டு கழண்டா திரும்ப ஒட்டிக்கலாம். சீவுன பல்லு வளராது அண்ணாச்சி. நல்ல பல்லு ரெண்டும் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சுது?" என்றார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். இனி நூல் கடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் ஒட்டிவிட்டார்.

அந்த வருடக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள், மாமனார் வீட்டுப் பந்தியில் சகலை என் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு காதருகே குனிந்து, "சீவலையா வே?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தமக்குக் கூசுகிறது, இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் போயிற்றே என்றார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் என் வயிறு குளிர்ந்தது.

ஆனால் அடுத்த நிமிடமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மாமியாரைக் கூப்பிட்டார். "அத்தை, ஒங்க சின்ன மருமவனுக்குப் பல்லு முளைச்சிட்டு. இனி பால்சோறு வேண்டாம், கறியை வையுங்க."

பந்தியே சிரித்தது. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் பல் தெரியச் சிரித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல் போயிருந்த நாட்களிலும் அவர் இப்படித்தான் கேலி பேசி, ஓட்டை தெரியச் சிரித்தார். அப்போதும் அவள் இப்படித்தான் சிரித்தாள். அது எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அவர் பல்லின் மேல் இருந்த வயிற்றெரிச்சல் அன்றோடு போய்விட்டது. அந்தச் சிரிப்பின் மேல் இருப்பது இன்றும் போகவில்லை.