பென்சில் வாசத்தில் ஒரு சீட்டி

பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைக்கூடம். அங்கே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற உருளை இயந்திரத்தை ஓட்டுபவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி மேனேஜர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் காத்தக்காதான். காற்றாய்ப் பறந்து வேலை செய்கிறவள் போலிருக்கிறது என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். அது பட்டப்பெயர் கூட இல்லை, பழிப்பெயர். போன வருடம் ஹோட்டலின் ஆண்டு விழா மேடையில் வந்து ஒட்டிக்கொண்டது.

காத்தக்கா சீட்டியடிப்பாள். பஸ்ஸை நிறுத்துகிற சீட்டி இல்லை. உதட்டைக் குவித்தால் ஒரு முழுப்பாட்டு அதன் நெளிவு சுளிவுகளோடு வெளியே வரும். உருளை இந்தப் பக்கம் விரிப்பை விழுங்கி அந்தப் பக்கம் துப்புகிற தாளத்துக்கு அவளே ஒரு மெட்டும் கட்டி வைத்திருந்தாள். வேலையில் அதை எல்லோரும் ரசித்தார்கள். வீட்டில்தான் தகராறு. சமையலறையில் அவள் மெட்டைத் தொடங்கினாலே, "பொம்பளைக்கு எதுக்குடி சீட்டி? உதட்டுக்கு வேற வேலையே இல்லியா?" என்று மாமியார் உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பார்.

போன வருடம் ஆண்டு விழாவில் ஊழியர்களின் கலைநிகழ்ச்சிக்கு இவள் பெயரையும் சேர்த்தார்கள். சலவைக்கூடத்து அனலில் காய்ந்து இவள் உதடு எப்போதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அன்றைக்கு ரத்தமே வந்துவிட்டது. மேடைக்குப் பின்னால், உடன் வேலை செய்பவள் ஒருத்தி, குதிகால் வெடிப்புக்குப் போடுகிற களிம்பை எடுத்து இரண்டு உதட்டிலும் அப்பிவிட்டாள். நல்ல மனசோடு செய்ததுதான். மைக் முன்னால் போய் நின்று உதட்டைக் குவித்தால், குவிந்தது வழுக்கிக்கொண்டு பிரிகிறது. 'ஃபூ' என்று வெறும் காற்று. மறுபடி 'ஃபூ'. மைக் அந்தக் காற்றைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். மறுநாள் காலை முதல் அவள் காத்தக்கா.

இந்த வருடம் அவளே போய்ப் பெயர் கொடுத்தாள். கேட்டதும் கணவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒரு தடவ பட்டது போதாதா?"

"பட்டது நான்தானே? இன்னொரு தடவ படணும்னாலும் நானே பட்டுக்கறேன். நீங்க சாப்பிடுங்க."

வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளுக்குள் பயம்தான். இந்த முறையும் காற்று வந்தால் அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற வேண்டும். வெடிப்பு மூட வேண்டும், ஆனால் வழுக்கக்கூடாது. அப்படி ஒரு பூச்சு உலகத்தில் உண்டா என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

பஸ் நிலையத்துச் சுரங்கப்பாதையில், பூட்டு ரிப்பேர் செய்பவருக்கும் குடை விற்பவருக்கும் நடுவில், மடக்கு மேசை போட்டு ஒரு பெண் லிப் பாம் விற்றுக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டு அடுப்பிலேயே தேன்மெழுகும் பாதாம் எண்ணெயும் உருக்கி, கட்டைவிரல் அகல டப்பாக்களில் ஊற்றி விற்கிறவள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வாசம். வருகிறவர்கள் டப்பாவைத் திறந்து மோந்து, 'ஆஹா' என்று சொல்லி, புறங்கையில் கொஞ்சம் தேய்த்துப் பார்ப்பார்கள். காத்தக்கா மோந்து பார்க்கவே இல்லை. ஐஸ் குச்சியால் ரோஜாவைத் தொட்டு உதட்டில் தடவிக்கொண்டு, அங்கேயே நின்று சீட்டியடித்துப் பார்த்தாள்.

டப்பாக்காரி திடுக்கிட்டுப் போனாள். "அக்கா, வாங்கறதா இருந்தா வாங்குங்க. இதென்ன கச்சேரி மேடையா?"

"கோவிச்சுக்காதம்மா. இத இப்படித்தான் சோதிக்க முடியும்." காத்தக்கா நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். 'ஃபூ' என்று செய்தும் காட்டினாள். டப்பாக்காரிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். அந்த ஒன்றுக்காகவே காத்தக்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு ஷிஃப்ட் முடிந்ததும் சுரங்கப்பாதைக்குப் போவது வழக்கமாயிற்று. ரோஜா வழுக்கியது. புதினா உதட்டைச் சில்லிட வைத்ததில், அது குவிந்திருக்கிறதா விரிந்திருக்கிறதா என்றே தெரியவில்லை. வெனிலாவில் மெட்டு பாதி தூரம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் நாக்கு சும்மா இருக்குமா? இனிப்பு வாசம் வந்ததும் நக்கிவிட்டு உள்ளே போய்விட்டது, மெட்டும் அதோடு போயிற்று. எலுமிச்சையைச் சொல்லவே வேண்டாம். தடவின மாத்திரத்தில் வாயெல்லாம் எச்சில் ஊறி, சீட்டிக்குப் பதில் சாரல் அடித்தது. பூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மூக்குக்கு எது நல்லாருக்கோ அது சீட்டிக்கு ஆகலியே!" என்று டப்பாக்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்போ நல்லா இல்லாதது ஏதாவது வச்சிருக்கியா?"

கேட்டது விளையாட்டுக்குத்தான். டப்பாக்காரியின் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று காத்தக்காவுக்கு முதலில் புரியவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை அவள் காலால் வெளியே தள்ளினாள். தேவதாரு மர வாசம் என்று ஆசை ஆசையாகச் செய்தாளாம். மெழுகு ஒரு கை கூடி, பூச்சு கெட்டியாகிவிட்டது. வாசமோ அப்போதுதான் சீவிய பென்சில். மோந்து பார்த்த ஒருவர் பரீட்சை நினைவுக்கு வருகிறது என்று திருப்பி வைத்துவிட்டுப் போனாராம். "தூக்கிப் போட மனசு வரலக்கா. ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு உள்ள வச்சிட்டேன்."

காத்தக்கா அதை எடுத்துத் தடவினாள். கெட்டிப் பூச்சு வெடிப்பை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. பென்சில் வாசத்துக்கு எந்த நாக்காவது நீளுமா? எந்த வாயாவது ஊறுமா? உதட்டைக் குவித்தாள். மெட்டு சுரங்கப்பாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. பஸ் பிடிக்க ஓடியவர்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். டப்பாக்காரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "என் பென்சிலா இது!" என்றாள்.

அந்தப் பென்சில் டப்பாக்களை வைத்துத்தான் காத்தக்கா விழா வரைக்கும் பயிற்சி செய்தாள். ஒன்று தீர்ந்து அடுத்ததும் அடி தட்டியபோது இன்னொன்று கேட்டாள். "பழசெல்லாம் எதுக்குக்கா? உங்களுக்குன்னே புதுசாக் காய்ச்சி விழாவுக்கு நானே கொண்டு வர்றேன்" என்று டப்பாக்காரி சத்தியம் செய்தாள். விழாவுக்குக் குடும்பத்தாரை மட்டும்தான் விடுவார்கள். காத்தக்கா அவளைத் தங்கை என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனாள்.

மேடைக்குப் பின்னால், அவளுக்கு முன் ஆடுகிறவர்களின் பாட்டு முடியப்போகிற நேரம். டப்பாக்காரி புது டப்பாவைப் பெருமையோடு நீட்டினாள். காத்தக்கா அவசரமாக எடுத்துத் தடவினாள். தடவியதும் நாக்கின் அடியிலிருந்து எச்சில் ஊறியது.

"இதுல என்னம்மா போட்ட?"

"கொஞ்சூண்டு ஆரஞ்சுதான்க்கா. இவ்ளோ பெரிய விழா, வெறும் பென்சில் வாசத்தோடயா மேடை ஏறுவீங்கன்னு..." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. நல்ல வாசம் சேர்க்காமல் விட மனசு வராத தொழில்காரி செய்கிற தப்பு அது. வேறு யாரும் செய்ய மாட்டார்கள். "ஐயோ அக்கா! கெடுத்துட்டேனே!"

காத்தக்காவுக்குக் கோபம் வந்தது. பயம் அதைவிட வேகமாக வந்தது. ஆனால் போன வருடம் இதே இடத்தில் அடுத்தவள் கைக்கு உதட்டைக் கொடுத்துவிட்டு நின்ற மாதிரி இன்றைக்கு நிற்கப் போவதில்லை. புடவைத் தலைப்பால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். துடைத்ததில் ஒரு வெடிப்பு திறந்துகொண்டது. கைப்பையைத் தரையில் கவிழ்த்து, தீர்ந்துபோன பழைய டப்பாவைத் தேடி எடுத்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி டப்பாவின் மூலையைச் சுரண்டினாள். ஒரு அரிசி அளவு வந்தது. வெடிப்பின் மேல் மட்டும் வைத்து விரல் நுனியால் அழுத்தினாள். வெளியே அவளுடைய பெயரை, அடையாள அட்டைப் பெயரைத்தான், ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. அவள் மேடைக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ வாயால் 'ஃபூ' என்றார்கள். சிரிப்பு பரவியது.

காத்தக்கா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். கண்ணை மூடினாள். உருளை ஓடுகிற தாளம் காலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் சுரத்திலேயே சிரிப்பு அறுந்தது. சலவைக்கூடத்து மெட்டு முழு உடம்போடு எழுந்து நின்றது. ஏறவேண்டிய இடத்தில் ஏறியது, நெளியவேண்டிய இடத்தில் நெளிந்தது. நடுவில் அவள் ஒரு நீண்ட இழுவை இழுத்தாள். சலவைக்கூடத்துக்காரர்கள் தாளத்தை அடையாளம் கண்டு நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பித்தார்கள். கணவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். டப்பாக்காரி திரைக்குப் பின்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். காத்தக்காவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்பது கடைசி அடிக்கு வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று பின்வரிசைதான் முதலில் எழுந்து கத்தியது.

முன்வரிசையிலிருந்து மாமியாரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "இன்னொண்ணெல்லாம் வேணாம்டி! அதையே திருப்பிப் போடு! ரெண்டாவது அடிய அவசரத்துல முழுங்கிட்ட. வீட்ல அடிக்கறப்ப இன்னும் நல்லா இழுப்பியே!"

காத்தக்கா மாமியாரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் திட்டிக்கொண்டே அடி அடியாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் குவிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி பார்த்தாள், மறுபடி சிரித்துவிட்டாள். சிரிக்கிற வாயில் சீட்டி வராது. மைக் அந்தச் சிரிப்பைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது. கைதட்டலை நிறுத்திவிட்டு, அவள் சிரித்து முடிக்கட்டும் என்று மண்டபம் முழுவதும் பொறுமையாக உட்கார்ந்திருந்தது.