இன்னொரு ரயில்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் கிடையாது. சின்னசேலம் ஸ்டேஷனில் ஒதுங்குகிறேன்.

பிளாட்பாரத்தில் போன தீபாவளித் துணி உடுத்திய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். ரயில் பார்க்க வந்தவர்கள். சேலம் ரயில் போய் வெகுநேரமாகியும் வாத்தியார் அவர்களைக் கிளப்பவில்லை.

“ஊருக்குப் போகலையா சார்?”

என் காதருகே குனிகிறார். “இப்பதான் ஒருத்தன் வந்து சொன்னான். மரம் வெட்டுனவங்க இந்தப் புள்ளைங்க காலனித் தெருவயே கொளுத்திட்டாங்களாம். பெத்தவங்க எங்க ஓடினாங்கன்னு தெரியல. இன்னா சொல்லி இட்டுக்கினு போறதுங்க?”

நிமிர்ந்து கை தட்டுகிறார். “இன்னொரு ரயிலு வருது, உக்காருங்க!”

பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள். ஒரு சிறுமி மட்டும் மிச்சப் புளிச்சோற்றை இலையில் மடிக்கிறாள். “வூட்ல தம்பி கீறான்” என்கிறாள். நூல் சுற்ற வரவில்லை. பொட்டலத்தை என்னிடம் நீட்டுகிறாள்.

இறுக்கிக் கட்டிக் கொடுக்கிறேன்.