பன்னிரண்டு மணி பஸ்

பச்சைத்தேயிலை விலை விழுந்து இரண்டாவது வருடம். காலாண்டு விடுமுறையின் முதல் புதன்கிழமை. மஞ்சூருக்குக் கீழே, எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டியிருந்த சிறிய அரசு ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா புதன்கிழமைகளில் மட்டும் வருவார். பத்து மணி பஸ்ஸில் வந்து, பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். தோட்டத்தில் காலையில் பறித்த கொழுந்தை எடை போடுவதும் பன்னிரண்டு மணிக்குத்தான்.

சித்திக்கு அப்போது எட்டாம் மாதம். கால்கள் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு மலையேறிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு இடையில் போய்வரலாம். வேலை வாரத்துக்கு நான்கு நாளாகச் சுருங்கிய பிறகு, எடைக்கு முன்னால் இறங்கினால் அரைநாள் கூலி போய்விடும். மறுவாரம் பெயர் கூப்பிடுவார்களா என்பதும் நிச்சயமில்லை. அதனால் என்னை அனுப்பினாள்.

"டாக்டரம்மாவ ஒரு பத்து நிமிசம் இருக்கச் சொல்லு கண்ணு. எடை போட்டதும் ஓடியாந்தர்றேன்."

டாக்டரம்மா காலி பெஞ்சுகளுக்கு எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"இன்னிக்கு ஒரு நாள் இருங்க மேடம். அந்தப் புள்ளைக்குக் கால் வீங்கியிருக்குதுங்க," என்றார் நர்சக்கா.

"இத விட்டா நாலு மணி பஸ்தான். மூணு மணிக்குக் குன்னூர்ல மீட்டிங். இங்க ஏன் ஆளே வர்றதில்லைன்னு கேக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க."

பஸ் வந்தது. "ஏனுங்க டாக்டரம்மா, இன்னிக்காச்சும் யாருக்காச்சும் ஊசி போட்டீங்களா, இல்ல பேப்பரு மட்டுந்தானா?" என்றார் கண்டக்டர். நான் மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவரும் சற்றுப் பார்த்தார். பிறகு விசில் ஊதினார்.

இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு சித்தி வந்தபோது ரோடு காலியாக இருந்தது.

"நீ சொல்லலியா?"

"சொன்னேன்."

ரத்த அழுத்தம் பார்த்த நர்சக்காவின் முகம் மாறிவிட்டது. உடனே குன்னூர் போகச் சொன்னார். "சாயங்கால எடை முடிஞ்சதும் போறனுங்க," என்றாள் சித்தி. அவள் போகவில்லை. விடியற்காலையில் வலிப்பு வந்து, கொழுந்து லாரியில் கொண்டுபோனார்கள். செவ்வாய்க்கிழமை சித்தி திரும்பி வந்தாள், குழந்தை இல்லை. அவளுக்குப் பொறுப்பு பத்தாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள், விடுமுறையின் கடைசி நாள், சித்திக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நடந்ததை நர்சக்கா என் முன்னாலேயே சொன்னார். டாக்டரம்மா பேப்பரை மடித்து வைத்தார். பன்னிரண்டு மணிக்குப் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அரைமணி நேரத்தில், எடை முடிந்த பெண்கள் சாக்கைக்கூட அவிழ்க்காமல் இறங்கி வந்தார்கள். ஒருத்திக்கு இருமல், ஒருத்திக்குத் தலைசுற்றல், இருவர் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். பெஞ்சுகள் நிறைந்து, வரிசை வாசற்படியைத் தாண்டி நின்றது. சித்திக்கு அப்படி ஆன பிறகுதான் எங்கள் லைன் வீடுகளுக்கு நோய் வந்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.